நான் மாற்றச் சொன்ன கடைசி அத்தியாயம்

அருள்,

நேற்று நீ போனில் பேசியபோது, "நல்லதுப்பா, சந்தோஷம்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டு வைத்துவிட்டேன். உன் நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது, திருத்தம் ஏதாவது இருந்தால் மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். அம்மா ஏன் இப்படிப் பட்டென்று வைத்தாள் என்று நீ யோசித்திருப்பாய். அடுப்பில் ஒன்றும் தீயவில்லை, வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள். பையன்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நூலகக் கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டு, ஸ்டாக் எடுக்கும் நீளத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "விடும்மா" என்று சொல்லிவிடுவாய். கடிதத்தில் நீ அப்படி முந்திக்கொண்டு என்னை மன்னிக்க முடியாது. முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

எங்கள் நூலகத்து வழக்கம் உனக்குத் தெரியும், நீயும் இந்தப் பள்ளியில்தான் படித்தாய். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு காகித உறை ஒட்டி, அதற்குள் ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டு வைப்பேன். படித்தவர்கள் மனதில் பட்டதை அதில் எழுதலாம், பெயர் போடவேண்டாம். "யார் எழுதியது என்று நான் தேடமாட்டேன்" என்று என் கையெழுத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நீ படித்த காலத்துக் காகிதம்தான், மஞ்சளாகிப்போய் இன்னும் அங்கேயே இருக்கிறது. வருகிற மே மாதம் நான் ஓய்வு பெறும்போது அதைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உன் நாவலில் மூன்று பிரதிகள் வாங்கினோம். மகன் எழுதியது என்று நான் யாரிடமும் போய் நிற்கவில்லை, தமிழய்யாதான் பட்டியலில் சேர்த்தார். பதினைந்து வயது மலரை எல்லாரும் ஆண்பிள்ளை என்று வளர்க்கிறார்கள். தான் பெண் என்று அவளுக்குத் தெரிகிறது. அதைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் கிடைக்குமா என்று தேடுகிறாள். ஆண்கள் மட்டும் படிக்கிற பள்ளியில் இந்தக் கதை என்ன பாடுபடுமோ என்று பயந்துகொண்டேதான் அலமாரியில் வைத்தேன். பயந்ததுபோலவே முதல் வாரமே அட்டையில் மலருக்கு மீசை வரைந்து வந்தது. ஒருவன் எழுதியிருந்த கெட்ட வார்த்தையை நான் வெள்ளை மை வைத்து மறைத்தேன். பிறகு வேறுமாதிரிச் சீட்டுகளும் வர ஆரம்பித்தன. "மலர கேலி பண்ற பேரச் சொல்லித்தான் எங்க கிளாஸ்ல ஒருத்தனக் கூப்புடுவோம். இனி கூப்புட மாட்டேன். ஆனா ஸாரி கேக்க மாட்டேன், சிரிப்பானுக" என்று ஒன்று. "மலர் அக்கா இப்ப எங்க இருக்கு? நல்லா சாப்புடுதா?" என்று ஆறாம் வகுப்புக் கோழிக்கிறுக்கலில் ஒன்று. ஆசிரியர் அறையில் ஒருவர், "டீச்சர், உங்க மகன் எழுதுனதா? ஏன், இன்னும் கல்யாணம் பாக்கலையா?" என்றார். "அவனுக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்கு சார். அவ படிக்கவும் ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கேன்" என்றேன். உனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று இதையெல்லாம் அப்போதே சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

ஒரு மாணவனின் அப்பா உன் புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "என்ன டீச்சர், இதப் படிச்சா பிள்ளைக கெட்டுப் போகாதா?" என்றார். "நீங்க படிச்சீகளா?" என்று கேட்டேன். "படிக்காமயா அம்புட்டுத் தூரத்துல இருந்து வாரேன்" என்றார். கத்தப்போகிறார் என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்று, "கடைசில அந்தப் பிள்ளைய ஒருத்தர் கூடத் தேடிப் போகலையே, அது என்ன டீச்சர் அப்படி எழுதிருக்காரு?" என்று கேட்டார். அந்த முடிவை எழுதியது உன் கைதான் என்றாலும், எழுத வைத்தது நான்.

நீ முதலில் எழுதி அனுப்பிய முடிவு எனக்கு மனப்பாடம். மலர் பையை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போய் பஸ்ஸில் ஏறி உட்காருகிறாள். பஸ் கிளம்பப்போகிற நேரத்தில் அவள் அம்மா அவசரத்தில் காலுக்கொரு செருப்பாக ஜோடி மாற்றி மாட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறி, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்காருகிறாள். கண்டக்டர் வந்து "எங்கம்மா?" என்று கேட்கிறார். "எங்கயும் இல்ல தம்பி, நாங்க எறங்குறோம்" என்று சொல்லி மகளின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறாள். பள்ளிக்கூட பிரிண்டரில் எடுத்து மூன்றுமுறை படித்தேன். அப்புறம் உன்னைக் கூப்பிட்டு, "இது நடக்காதுப்பா. இந்த ஊர்ல எந்தத் தாயும் இப்படிப் பண்ண மாட்டா. படிக்கிறவுக நம்ப மாட்டாக" என்றேன். நீ இரண்டு நாள் சண்டை போட்டாய். முப்பது வருஷம் விடலைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள் சொல்கிறாளே என்று கடைசியில் விட்டுக்கொடுத்தாய். அச்சில் வந்த முடிவில் அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், மலர் தனியாகப் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். பத்திரிகையில் எழுதியவர்கள்கூட யதார்த்தமான முடிவு என்று பாராட்டினார்கள். நான் அதை வெட்டி வைத்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு சீட்டு வந்தது. "மலர் ஏறுன பஸ் எத்தன மணிக்கு? நான் ஏறுனாலும் யாரும் வர மாட்டாகளா?" இரண்டே வரி. தேடமாட்டேன் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தவள், அந்தச் சுவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு கையெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன். பதினோராம் வகுப்பு, செல்லூரிலிருந்து வருகிற பிள்ளை, வீட்டில் தறி ஓடுகிறது. பெயரை உனக்கு எழுதமாட்டேன். ஒருமுறை நான் வாயைத் திறந்து சொன்னதால்தான் இவ்வளவும். மத்தியானச் சோற்றுவேளையில் மற்றவர்கள் கேலிக்குப் பயந்து, வரைபட அலமாரிக்குப் பக்கத்தில் காற்றே வராத மூலையில் வந்து உட்காரும். எடுத்த புத்தகத்தைக் கெடுவுக்கு ஒருநாள் முன்னாலேயே கொண்டுவந்து தரும். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஒன்றும் கேட்காமல் ஒரு பழத்தை உரித்துப் பாதியைக் கொடுத்திருக்கலாம். நான் அதன் வீட்டுக்குப் போன் போட்டேன்.

பிள்ளை எங்காவது போய்விடுமோ என்ற பயம்தான், சத்தியமாக வேறொன்றும் இல்லை. "பிள்ளைய கொஞ்சம் பாத்துக்கங்கம்மா, வீட்ட விட்டுப் போயிருமோன்னு பயமா இருக்கு" என்று அதன் அம்மாவிடம் சொன்னேன். "ஏன் டீச்சர் போகணும்? நாங்க என்ன கொற வச்சோம்?" என்று அந்தம்மா கேட்டார். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கவேண்டும். சீட்டில் இருந்தது, புத்தகத்தில் இருந்தது, எனக்குப் புரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கப்புறம் போனில் தறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "சரி டீச்சர்" என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. முடியை ஒட்ட வெட்டி, அவனியாபுரத்தில் தாய்மாமன் வெல்டிங் பட்டறையில் விட்டிருக்கிறார்கள், ஆம்பளைகளோடு வேலை பார்த்தால் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னாராம் என்று வகுப்பாசிரியர் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் என்னால் சோற்றைத் தொட முடியவில்லை. அந்தப் பிள்ளை நம்பி எழுதிய இரண்டு வரியைத் தூக்கிக்கொண்டுபோய் நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அந்தம்மா டி.சி. வாங்க வந்தார். டி.சி. தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டபிறகு கடைசியாக நூலகத்துக்கு வரவேண்டும். எடுத்த புத்தகமெல்லாம் திரும்பி வந்தது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையின் பெயரை நீக்குவார்கள். பதிவேட்டைப் பார்த்தேன். உன் நாவலின் மூன்றாம் பிரதி அந்தப் பிள்ளையிடம் இருந்தது. சீட்டை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறது. "புத்தகம் வரணும்மா" என்றேன். "எங்க வச்சிருக்குன்னு சொல்ல மாட்டேங்குது டீச்சர். அவரு அடிச்சும் பாத்துட்டாரு. வேற ஒண்ணு வாங்கித் தந்துர்றோம்" என்றார். "அதே புத்தகந்தான் வரணும். இங்க சட்டம் அப்படி" என்றேன். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது அருள், அந்த நிமிஷம் நான் போட்ட சட்டம் அது. புத்தகம் ஒளிந்திருக்கிறவரைக்கும் அந்தப் பிள்ளை இந்தப் பள்ளியின் மாணவர். அதுவும் இது தெரிந்துதான் ஒளித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். டி.சி. வாங்கப்போன அண்ணன்மார் எத்தனைபேர் புத்தகம் தேடி அலைந்ததை அந்த மூலையிலிருந்தே பார்த்திருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதிக்கு நானே கெடு நீட்டித்துத் தேதி போடுகிறேன். இதுவரை மூன்றுமுறை போட்டாயிற்று.

போன செவ்வாய்க்கிழமை அந்தம்மா திரும்பவும் வந்தார். இந்தத் தடவை புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கதைல அந்தப் பிள்ளையோட அம்மா என்னதான் பண்ணுச்சு டீச்சர்?" என்று கேட்டார். யோசித்துப் பார். உன் நாவலை விமர்சித்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி. கதவுக்குப் பின்னால் நின்றது என்று நான் சொல்லியிருக்கவேண்டும், அச்சில் அதுதானே இருக்கிறது. என் வாயில் வந்தது உன் பழைய முடிவு. பஸ், ஜோடி மாறின செருப்பு, கண்டக்டர், எல்லாம் சொன்னேன்.

"எறங்குறோம்னா சொல்லுச்சு?"

"ஆமா. அப்படித்தான் சொல்லுச்சு."

"வீட்டுக்குப் போனப்புறம் அந்தப் பிள்ளையத் திட்டி வஞ்சிருப்பாகள்ல?"

"வஞ்சிருப்பாக. ஆனா வீட்டுல வச்சுத்தான வஞ்சாக."

அந்தம்மா கையிலிருந்த டி.சி. தாளை மடியில் வைத்து நீவினார். "எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஞாயித்துக்கெழம பட்டறை லீவு, எங்க அண்ணன் வீட்டுல நானும் இருப்பேன். அந்தப் பக்கத்த வந்து படிச்சுக் காட்டுவீகளா? அதுவும் பக்கத்துல இருந்து கேக்கட்டும். எனக்குச் சொல்லத் தெரியல டீச்சர், கதையாவது சொல்லட்டும்" என்றார். "வாரேன்" என்றேன். டி.சி. தாளைக் கையெழுத்து வாங்காமலே மடித்து எடுத்துக்கொண்டு போனார். அப்படி ஒரு பக்கம் அந்தப் புத்தகத்தில் இல்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அது எத்தனைமுறை தேடிப் பார்த்திருக்குமோ.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். உன்னிடம் முடிவை மாற்றச் சொன்னதற்கு வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று காரணம் சொன்னேன். அது நிஜக் காரணம் இல்லை. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது உன் கூட்டாளி செல்வம் ஊரை விட்டுப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் காலையில் விஷயம் தெரிந்து, நீ மாட்டுத்தாவணியில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கித் தேடிவிட்டு வந்தாய். "அம்மா, நேத்து சாயங்காலம் அவன் நம்ம வீட்டுக்கு வந்தானா?" என்று கேட்டாய். இல்லை என்று சொன்னேன். வந்திருந்தாள் அருள். நீ டியூஷன் போயிருந்தாய். தல்லாகுளத்தில் நம் வீட்டு கேட்டுக்கு வெளியே பையோடு நின்று, "அம்மா, ரெண்டு நாளைக்கு இங்க இருந்துக்கிறவா? அப்புறம் போயிர்றேன்" என்று கேட்டாள். அவள் நடையையும் பேச்சையும் பற்றி அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வது என் காதுக்கு வந்திருந்தது. அவளைப் பற்றியா பயந்தேன்? இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். கேட்டைத் திறக்காமலே, "நாளைக்கு வாப்பா, பேசுவோம்" என்றேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்றைக்கு என்ன பெயரில் எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நாவலில் நீ அவளுக்கு மலர் என்று பெயர் வைத்தாய், பஸ்ஸில் ஏறி உட்காருகிற ஒரு தாயையும் கொடுத்தாய். அந்தத் தாயை என்னால் படிக்க முடியவில்லை. அவள் ஒவ்வொரு வரியிலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் அவளைக் கதவுக்குப் பின்னால் தள்ளச் சொன்னேன், என்னோடு சேர்ந்து நிற்கட்டும் என்று.

உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு புத்திமதிதான் மிச்சம் இருக்கிறது. எழுதியதைப் பயந்தவர்களிடம் காட்டி யோசனை கேட்காதே, அது பெற்ற தாயாகவே இருந்தாலும். பயந்தவர்கள் நல்லது சொல்வதுபோலவே சொல்வார்கள். நீ விடலைப் பிள்ளைகளுக்கு எழுதுகிறாய். பெரியவர்கள் முடிவைப் படித்துவிட்டு யதார்த்தம் என்று மூடி வைத்துவிடுவார்கள். பதினாறு வயதுப் பிள்ளை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கும்.

உன் பழைய அத்தியாயத்தின் பிரிண்ட் என் மேசையின் அடி டிராயரில் இருந்தது. இன்றைக்கு அதை மூன்று நகல் எடுத்து, புத்தக அளவுக்குக் கத்தரித்தேன். பக்கம் கிழித்த பையன்களை முப்பது வருஷமாக முட்டிபோட வைத்தவள், பிளேடை எடுத்து உன் நாவலின் கடைசி அத்தியாயத்தை இரண்டு பிரதியிலிருந்தும் அறுத்து எடுத்தேன். மைதாப் பசை காய்ச்சி, நீ முதலில் எழுதியதை அங்கே ஒட்டினேன். மேலே கனமான அகராதிகளை வைத்திருக்கிறேன், காய்ந்துகொண்டிருக்கிறது. தலைமையாசிரியருக்குத் தெரியாது. தெரிந்தால் ஓய்வுபெற நாலு மாதம் இருக்கும்போது என்ன வருமோ. அதைவிடப் பெரிய பயம் நாளைக்கு. அந்தப் பிள்ளையின் அப்பா அங்கே இருந்தால் என்ன செய்வார்? பட்டறைக்காரர்கள் கூட்டம் கூட்டினால்? நான் பக்கத்தை எடுத்து நீட்டும்போது, "போன் பண்ணிச் சொன்னது நீங்கதான மிஸ்" என்று அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் எங்கே போய் நிற்பேன்? நான் போவதற்குள் அது போய்விட்டிருந்தால்? காலையில் போன் போட்டுக் கேட்டேன். "இருக்கு டீச்சர், பட்டறைல இருக்கு" என்று அந்தம்மா சொன்னபிறகுதான் மூச்சு வந்தது.

இரண்டாம் பதிப்பில் உன் முடிவையே போடு, அருள். நாளை நான் ஒரு தாயிடம் படித்துக் காட்டப்போவது பொய்யாக இருக்கக்கூடாது. வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தையும் பின்னால் சேர்த்துக்கொள். கூச்சப்படாதே, எனக்காக மறைத்தது போதும். அந்தப் பிள்ளையின் பெயர் இதில் எங்கேயும் இல்லை, இன்னொருமுறை சரிபார்த்துவிட்டேன். செல்வம் எங்காவது இருந்து படித்தால் நான் திறக்காத அந்த கேட்டை அவளுக்கு அடையாளம் தெரியும்.

நாளைக்குக் காலையில் ஆராதனை முடிந்ததும் வேதாகமப் பைக்குள் மூன்றாவது நகலையும் பசை டப்பாவையும் வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போகிறேன். உன் அறையைப் பெருக்கித் துடைத்து, துவைத்த விரிப்பு போட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு என்று உன் அப்பா கேட்டார். நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். முடிந்தால் வா. அந்தம்மா முன்னால் அந்தப் பிள்ளை என்னிடம் ரெண்டு நாளைக்கு உங்க வீட்டுல இருந்துக்கிறவா என்று கேட்டால், நாளைக்கு வா என்று சொல்லமாட்டேன்.

அம்மா